தையில் பூத்த பங்குனிப் பூ

உத்தராகண்ட் மலைகளில் பங்குனியை ஒட்டிப் பூக்க வேண்டிய புரான்ஷ், சில ஆண்டுகளாகத் தை மாதத்திலேயே அங்கங்கே சிவந்து நிற்கிறது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வாசகர்கள் கேள்வி மேல் கேள்வியாக எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த முறை முழுப் பக்கமும் காட்டுப் பூக்களுக்கே.

புரான்ஷ் என்பது என்ன மரம்?
— வாசகி, சேலம்

ரோடோடென்ட்ரான் ஆர்போரியம். இமயமலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,000 மீட்டரைத் தாண்டியும் ஓக் மரங்களுக்கு நடுவே வளர்வது. உத்தராகண்டின் மாநில மரம். நேபாளத்தில் லாலிகுராஸ் என்பார்கள். அங்கே அது தேசியப் பூ. இலை நீண்டு தடித்திருக்கும். மேல்பக்கம் கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளிச் சாயல். கிளை நுனியில் பதினைந்து, இருபது பூக்கள் ஒரே கொத்தாக விரியும். மலைச்சரிவில் ஒரே ஒரு மரம் பூத்தாலும் எதிர்ச்சரிவிலிருந்து தெரியும், அவ்வளவு சிவப்பு.

பூ சீக்கிரம் பூத்தால் சந்தோஷம்தானே? எதற்கு இத்தனை கவலை?
— வாசகர், மதுரை

நமக்குச் சந்தோஷம். ஆனால் அது நம்மை எதிர்பார்த்துப் பூப்பதில்லையே! யாரை எதிர்பார்க்கிறது என்று அந்தப் பூவையே கேட்கலாம். ஒரு பூவைப் பறித்து உள்ளே பாருங்கள். மணி வடிவப் பூவின் அடியில் கருஞ்சிவப்பாக ஐந்து சின்னப் பைகள் இருக்கும். அவை நிறையத் தேன். சுற்றிலும் பத்து மகரந்தக் காம்புகள் வாசலை நோக்கி நீண்டிருக்கும். சிவப்பு நிறம், ஆழமான குழல், அளவுக்கு மிஞ்சிய தேன்: இந்த மூன்றும் சேர்ந்தால் அழைப்பு பறவைக்குத்தான். தேன்சிட்டு அலகை நுழைத்துத் தேனைக் குடித்தால் நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அதோடு அடுத்த மரத்துக்குப் போகும். கொண்டைக்குருவியும் வரும், தேனீயும் வரும்.

இமயமலைத் தேன்சிட்டுகளில் பல, குளிர் இறங்கும்போது பள்ளத்தாக்குக்கு வந்துவிடும். வெயில் ஏறும்போது மேலே போகும். தேனீயும் குளிரில் கூட்டைவிட்டு அதிகம் கிளம்பாது. பூ ஜனவரியில் திறந்து, விருந்தாளி மார்ச்சில் வந்தால், நடுவில் அந்தத் தேன் யாருக்கு? மார்ச்சில் மேலே ஏறிவரும் பறவைக்கு அங்கே என்ன மிச்சம்? என் கவலை இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் பூத்த பிறகு பிப்ரவரியில் பனி கொட்டினால் இதழ்கள் கருகிவிடும். பூ மொட்டு முந்தின ஆண்டு கோடைக்குப் பிறகே உருவாகி, குளிர்காலம் முழுக்கச் செதிலுக்குள் காத்திருப்பது. கருகியதற்குப் பதிலாக உடனே இன்னொரு மொட்டு வைக்க மரத்தால் முடியாது. அந்த ஆண்டு அந்தக் கிளைக்கு விதை இல்லை.

மரத்துக்குக் காலண்டர் கிடையாது. மாதம் எப்படித் தெரிகிறது?
— எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

தம்பி, உன் கேள்விதான் இந்த வாரத்தின் நல்ல கேள்வி.

குளிர்நாட்டுத் தாவரங்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன. ஒன்று, பகலின் நீளம். இது எந்த ஆண்டும் மாறாது. மார்ச் 21 அன்று எங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், அவ்வளவுதான். இரண்டாவது, எவ்வளவு குளிர் பட்டிருக்கிறோம் என்ற கணக்கு. உண்டியலில் காசு சேர்ப்பதுபோல் மொட்டு குளிர்ந்த மணி நேரங்களைச் சேர்க்கிறது. போதுமான அளவு சேரும்வரை வெயில் எவ்வளவு அடித்தாலும் திறக்காது. இல்லையென்றால் நவம்பரில் நாலு நாள் வெயில் காய்ந்ததும் ஏமாந்து பூத்துவிடுமே! மூன்றாவது, குளிர்க் கணக்கு முடிந்தபின் சேரும் வெப்பம். அது ஓர் அளவை எட்டியதும் செதில் விலகி மொட்டு விரியும்.

இதில் மாறிக்கொண்டிருப்பது கடைசி இரண்டும். மலையில் குளிர்கால மழையும் பனியும் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்களால் கிடைப்பவை. அவை வராத ஆண்டில் மேகம் இருக்காது, தரையில் பனிப்போர்வை இருக்காது, பகல் வெயில் நேராக மரத்தின்மேல் விழும். 2024 ஜனவரியின் முதல் பாதியில் காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்கு மேடுகள் பழுப்பு நிறமாகக் கிடந்த படங்களை நீயும் பார்த்திருப்பாய். அப்படிப்பட்ட குளிர்காலத்தில் மொட்டுக்கு மூன்றாவது கணக்கு வெகு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகளாக இந்தக் குளிர் நினைவை ஆராய்கிறார். அவர் எடுத்துக்கொண்டது அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடி. அதில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதற்குத் தடை போட்டு வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் குளிர் பட்டால் ஒவ்வொரு செல்லாக அந்தத் தடை அணைகிறது. வெயில் திரும்பி வந்தாலும் அது மறுபடி உயிர் பெறுவதில்லை. செடி குளிரை மறப்பதில்லை. மரத்து மொட்டின் வேலை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் தாவரம் குளிரை எண்ணி நினைவில் வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. பெரியவனானதும் இதைப் படி.

அப்படியானால் வெப்பம் கூடக்கூட எல்லாப் பூவும் முந்திக்கொண்டே போகுமா?
— வாசகர், ஈரோடு

போகாது. குளிர்க் கணக்கே நிறையவில்லையென்றால் தாமதமாகும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் யூலாங் மலையின் ரோடோடென்ட்ரான்களை, நூறாண்டுகளாகச் சேர்த்து வைத்த உலர்மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. ஆண்டு முழுவதும் பொதுவாக வெப்பம் கூடினால் பூப்பது முந்துகிறது. ஆனால் முந்தின இலையுதிர்காலம் வெப்பமாக இருந்தால் அதே இனங்களே தாமதமாகப் பூக்கின்றன. இரண்டு இழுப்புக்கும் நடுவில் மரம் நிற்கிறது.

இமாச்சல் ஆப்பிள் விவசாயிகளைக் கேட்டால் இதை ஒரே மூச்சில் சொல்வார்கள். குளிர் போதாத ஆண்டில் மொட்டு ஒழுங்காகத் திறக்காது, ஒரே மரத்தில் ஒரு கிளை பூத்திருக்கும், ஒரு கிளை தூங்கும். பழைய ரகங்களின் தோட்டம் மேலே மேலே ஏறிக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஷில்லாங்கில் செர்ரிப் பூ நவம்பரிலேயே பூக்கிறதே, அதுவும் பருவநிலைக் கோளாறா?
— வாசகி, நாகர்கோவில்

இல்லவே இல்லை! அது காட்டுச் செர்ரி, ப்ரூனஸ் செரசாய்ட்ஸ். இலையுதிர்காலத்தின் முடிவில் பூப்பதுதான் அதன் இயல்பு. ஜப்பானில் வசந்தத்தில் பூக்கும் செர்ரியின் உறவுதான் என்றாலும் பழக்கம் வேறு. உத்தராகண்டிலும் இதே மரம் உண்டு. மற்றதெல்லாம் அடங்கிப்போன பருவத்தில் தேனீக்களுக்கு அதுதான் சாப்பாடு.

பனிக்காலத்தில் ஒரு பூவைப் பார்த்ததும் "ஐயோ, முந்திவிட்டது" என்று பதறுவதற்குமுன் அதன் வழக்கமான மாதம் எது என்று கேட்டுவிடுவது நல்லது. வலைத்தளங்களில் சுற்றும் படங்களில் பல, தங்கள் நேரத்துக்கே பூத்த பூக்களின் படங்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் புரான்ஷ் எந்த மாதம் பூத்தது என்று யார் பார்த்து எழுதி வைத்தார்கள்? ஒரு வருடம் முன்னே பின்னே ஆவது சகஜம்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, இரண்டாவது பாதியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஓர் ஆண்டை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. அது அந்த ஆண்டின் வானிலை. பல பத்தாண்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் பேச்சு.

முதல் பாதிக்குப் பதில் உண்டு: எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. தாவரவியலாளர்கள் காட்டுக்குப் போனால் பூவோடு ஒரு கிளையைக் கிள்ளி, தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டில் இடத்தையும் தேதியையும் எழுதுவார்கள். செடியை அடையாளம் காண்பதற்காகச் செய்த வேலை அது. நூறு ஆண்டு கழித்து அந்தத் தேதிதான் பொக்கிஷமாகிவிட்டது. "இன்ன நாளில், இன்ன மலையில், இந்தக் கிளையில் பூ இருந்தது" என்பதற்கு மறுக்க முடியாத அத்தாட்சி.

அல்மோரா அருகே கோசி-கட்டார்மலில் உள்ள கோவிந்த் வல்லப் பந்த் இமயமலை ஆய்வு நிறுவனத்தினர் மத்திய இமயமலைப் புரான்ஷ் மாதிரிகளின் தேதிகளைக் கணக்கிட்டு, 2014-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 2009 முதல் 2011 வரை காட்டில் நேரில் பார்த்தபோது பூப்பு உச்சத்தில் இருந்தது பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை. பழைய மாதிரிகளோடு ஒப்பிட்ட கணிதக் கணக்கு, நூறு ஆண்டுகளில் 88 முதல் 97 நாள்வரை முந்தியிருப்பதாகச் சொன்னது. ஆண்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை ஏறியதோடு அது ஒத்துப்போனது.

மூன்று மாதம்! எனக்கு இந்த எண் கொஞ்சம் பெரிதாகவே படுகிறது. பூப் பறித்தவர்கள் முதல் பூ மலர்ந்த நாளில் போய்ப் பறிக்கவில்லை. தங்கள் வசதிப்படி போன நாளில் பறித்தார்கள். கீழ்ச்சரிவுக்கும் மேல்சரிவுக்கும் வாரக்கணக்கில் வித்தியாசம் வேறு. எனவே நாட்களின் எண்ணிக்கையைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் திசையில் நகர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லண்டனில் இருக்கிறேன். ஜனவரி முதல் தேதி பூங்காவில் நடந்தால் புல்வெளியில் பூ. முப்பது வருடத்துக்கு முன் வந்தபோது இப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. பிரமையா?
— வாசகர், ஈஸ்ட்ஹாம்

பிரமை இல்லை. உங்கள் நாட்டில் இதற்கென்றே ஒரு புத்தாண்டு வழக்கம் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் சங்கம் 2012 முதல் நடத்தும் புத்தாண்டுத் தாவரத் தேடல். யார் வேண்டுமானாலும் ஆண்டின் முதல் சில நாட்களில் மூன்று மணி நேரம்வரை நடந்து, நட்டு வளர்க்காமல் தானாக முளைத்துப் பூத்திருக்கும் செடிகளைப் பட்டியலிட்டு அனுப்பலாம். டெய்சி, டேன்டிலயன், கிரவுண்ட்செல் எல்லாம் ஆண்டுதோறும் பட்டியலின் மேலே இருப்பவை. நாடு முழுவதும் சேர்த்தால் நூற்றுக்கணக்கான இனங்கள் வருகின்றன.

ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் முந்திய பூ என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பகுதி, இலையுதிர்காலத்தில் முடிந்திருக்க வேண்டியது முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பது. கடும்பனி வந்து நிறுத்தாததால் பூத்துக்கொண்டே இருக்கிறது. வசந்தத்துக்கு முன்பே வந்தவை அதில் ஒரு பங்குதான். முந்தியது வேறு, பிந்தியது வேறு. இரண்டும் ஒரே மிதமான குளிரின் பிள்ளைகள்.

உண்மையாக முந்தியதற்கு உதாரணம் வேண்டுமென்றால், உங்கள் ஊர் வேலியோரத்தில் வெள்ளை டெட்நெட்டில் என்று ஒரு செடி இருக்கும். நம் தும்பைக்கு உறவு. அதே துளசிக் குடும்பம், அதே உதடு வைத்த வெள்ளைப் பூ. ரிச்சர்ட் ஃபிட்டர் என்ற இயற்கையாளர் 1954-இல் தொடங்கி 2000 வரை, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் நூற்றுக்கணக்கான செடிகளின் முதல் பூ தேதியை எழுதிவந்தார். அவர் மகன் அலஸ்டேர் ஃபிட்டர் ஒரு சூழலியலாளர். தந்தையின் குறிப்புகளை எடுத்து இருவருமாக 2002-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 385 இனங்கள், 1990-களில், அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளைவிடச் சராசரியாக நாலரை நாள் முந்திப் பூத்திருந்தன. நாலரை நாள்தானே என்று தோன்றும். சராசரி பலதையும் மறைத்துவிடும். அந்த வெள்ளை டெட்நெட்டில் மட்டும் மார்ச் நடுவிலிருந்து ஜனவரிக்கு வந்துவிட்டது. 55 நாள் முந்தல்.

இருபது ஆண்டு கழித்து, 2022-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் பிரிட்டன் முழுவதுமான 406 இனங்களின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை அலசினார்கள். 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் அதன் பிறகு முதல் பூ சராசரியாக 26 நாள் முந்தி வருகிறது. மரங்களைவிடச் சிறு செடிகள் இன்னும் வேகம். அவற்றுக்குத் தலைமுறை சீக்கிரம் மாறுகிறது.

அப்பா எழுதினார், மகன் படித்தார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதுதான்.

அகாலத்தில் பூப்பது கெட்ட சகுனம் என்கிறாள் என் பாட்டி. நிஜமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பாட்டியிடம் நான் சண்டைக்கு வரமாட்டேன். அவர் காலத்தில் பூவும் மழையும் சொன்ன நாளில் வந்தன, தவறினால் பயந்தார்கள். பயந்ததற்குக் காரணம் இருந்தது.

உத்தராகண்டின் குமாவூன், கார்வால் பாட்டிகளுக்கு வருத்தம் இன்னும் நேரடியானது. நமக்குப் பங்குனி பிறக்கும் அதே நாளில் அங்கே பூல்தேயி என்ற பண்டிகை. பிள்ளைகள் விடியற்காலையில் கூடையோடு காட்டோரம் போய் மஞ்சள் நிறப் ப்யூன்லியும் சிவப்புப் புரான்ஷும் பறித்து வருவார்கள். வீடு வீடாகப் போய் வாசற்படியில் பூ வைத்து, அந்த வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் அரிசியும் வெல்லமும் காசும் கொடுப்பார்கள். சில ஊர்களில் ஒரே நாள், சில ஊர்களில் மாதம் முழுக்க. பண்டிகை பஞ்சாங்கத்தில் நிற்கிறது, பூ நகர்கிறது. ஊருக்குப் பக்கத்து மரங்கள் பிப்ரவரியிலேயே பூத்து ஓய்ந்துவிட்டால் பிள்ளைகள் இன்னும் மேலே ஏற வேண்டும், அல்லது கூடையில் வேறு பூ வைக்க வேண்டும்.

இதைச் சகுனம் என்று எடுத்துக்கொள்வதைவிட இழப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

இமயமலை மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகிறதா, எல்லாம் ஒன்றுதானா?
— வாசகர், தர்மபுரி

அதிகம்தான். காத்மாண்டுவில் இருக்கும் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2019-இல் வெளியிட்ட பெரிய மதிப்பீட்டின்படி, உலகம் 1.5 டிகிரியோடு நின்றாலும் இந்துகுஷ்-இமயமலைப் பகுதி அதைவிடக் குறைந்தது 0.3 டிகிரி கூடுதலாகச் சூடாகும். வடமேற்கு இமயமலையும் காரகோரமும் 0.7 டிகிரி கூடுதலாக.

ஊட்டியில் டிசம்பரிலேயே சிவப்பு ரோடோடென்ட்ரான் பார்த்தேன். எங்கள் ஊரிலும் முந்திவிட்டதா?
— வாசகர், உதகமண்டலம்

டிசம்பர் என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நீலகிரியில் இருப்பது அதே புரான்ஷின் தெற்கத்திக் கிளையினம், நிலகிரிகம் என்று பெயர். பனிக்காலத்தில் பூப்பது அதற்கு வழக்கம்தான். அங்கே இமயமலைபோல் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடப்பதில்லை. இரவில் உறைபனி, பகலில் நல்ல வெயில். முந்தியதா இல்லையா என்று தெரிய, நீங்கள் பார்த்த அதே மரம் பத்து, இருபது ஆண்டுகளாக எந்தத் தேதியில் பூக்கத் தொடங்கியது என்ற குறிப்பு வேண்டும். அந்த மரத்துக்கு நீங்களே இனி அதைத் தொடங்கலாம்.

சோலை ஓரத்தில், புல்வெளிக்கு நடுவே, முறுக்கிய தண்டோடு நிற்கும் அந்த மரத்துக்கும் இமயமலைக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர். இடையில் எங்கும் இந்த மரம் கிடையாது! உலகம் குளிர்ந்திருந்த பனியுகங்களில் இத்தகைய மலைத் தாவரங்கள் தாழ்வான இடங்களிலும் பரவியிருந்தன, வெப்பம் திரும்பியபோது ஆங்காங்கே உச்சிகளுக்கு ஒதுங்கின என்பது தாவரவியலாளர்களின் விளக்கம். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாப் பக்கத்திலும் நிற்கும் செயிலானிகம் கிளையினமும் அப்படி ஒதுங்கியதுதான்.

எனக்கு இமயமலை மரத்தைவிட இந்த இரண்டைப் பற்றித்தான் அச்சம் அதிகம். இமயமலையில் சூடு கூடினால் மரம் தலைமுறை தலைமுறையாக இன்னும் மேலே ஏறலாம்; மலை இருக்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதற்குமேல் வானம்.

குளிரே இல்லாத எங்கள் ஊரில் மரங்கள் எதைப் பார்த்துப் பூக்கின்றன?
— வாசகர், கும்பகோணம்

மழை நின்ற நாளை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை, இலை உதிர்ந்ததை, மெல்ல நீளும் பகலை. சரக்கொன்றை இலையைக் கொட்டிவிட்டுப் பொன்னாய்த் தொங்குவது அப்படித்தான். கேரளத்தில் சித்திரை விஷுவுக்குக் கனி வைக்க வேண்டிய கொன்றை, பிப்ரவரி, மார்ச்சிலேயே பூத்துவிடுவதாகப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் நம் வெப்பமண்டல மரங்களுக்கு ஃபிட்டர் எழுதியதைப்போன்ற நீண்ட தேதிக் குறிப்புகள் மிகக் குறைவு. இல்லாததால் உறுதியாக எதையும் சொல்ல முடியாத நிலை. இந்தக் குறை என்னை உறுத்துகிறது.

பூவை முந்தவிடாமல் தடுக்க மருந்து உண்டா?
— வாசகர், ஓசூர்

தோட்டத்துக்கு உண்டு. காட்டுக்குக் கிடையாது.

தாவரவியல் படிக்கிறேன். ஆய்வகம், நிதி எதுவும் இல்லாமல் இதில் நான் ஏதாவது செய்ய முடியுமா?
— கல்லூரி மாணவி, கோவை

தாராளமாக, அம்மா. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியோடு குறிக்கத் தொடங்கினார்: முதல் பனித்துளிப் பூ, முதல் தவளைச் சத்தம், முதல் இலை. அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பேனாவும் பொறுமையும்தான்.

நீ செய்ய வேண்டியது இது. தினமும் போகும் வழியில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள். புங்கையோ, கொன்றையோ, கல்லூரி வளாகத்து வேம்போ. அதே மரம் என்பது முக்கியம். ஊர் முழுக்கப் பார்த்துக் கலந்து எழுதினால் பயனில்லை. வாரம் ஒரு முறை ஒரே கிழமையில் பார். மொட்டு, விரிந்த பூ, பிஞ்சு, காய், தளிர், முற்றிய இலை: எது இருக்கிறது, கொஞ்சமா நிறையவா என்று எழுது. ஒன்றுமே இல்லாத வாரத்தில் "ஒன்றுமில்லை" என்று கட்டாயம் எழுது. பலரும் இதைத்தான் விட்டுவிடுவார்கள். "மார்ச் 3 அன்று பூ பார்த்தேன்" என்றால் அதற்கு முன்பே பூத்ததா என்று தெரியாது. "பிப்ரவரி 24 அன்று பூ இல்லை, மார்ச் 3 அன்று இருந்தது" என்றால் அது ஆதாரம்.

எழுதியதைச் சீசன்வாட்ச் என்ற திட்டத்துக்கு அனுப்பலாம். இந்தியா முழுவதும் மரங்களின் பருவங்களைப் பொதுமக்களே பதியும் திட்டம் அது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் பங்கெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்த அளவுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. முடிந்தால் பூவுக்கு யார் வந்தார்கள் என்றும் குறி: தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு. பூத்த தேதியும் விருந்தாளி வந்த தேதியும் ஒரே நோட்டில் இருப்பது அபூர்வம்.

ரோடோடென்ட்ரான் விஷம் என்று படித்தேன். புரான்ஷ் சர்பத் விற்கிறார்களே, குடிக்கலாமா?
— வாசகி, விருதுநகர்

சிவப்புப் புரான்ஷின் இதழ்களில் சர்பத்தும் துவையலும் செய்வது மலைக் கிராமங்களில் காலங்காலமாக நடப்பது. மகரந்தக் காம்புகளை நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுப்பார்கள். பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு அது ஒரு பருவ வருமானம். கடையில் வாங்கிக் குடியுங்கள், புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருக்கும். ஆனால் ரோடோடென்ட்ரான் குடும்பத்தில் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு உள்ள இனங்கள் பல. அவற்றின் தேனைக் குடித்தவர்கள் தலைசுற்றி விழுந்த கதை கிரேக்கர் காலத்திலிருந்தே உண்டு. எனவே காட்டில் தென்பட்ட பூவை நீங்களே பறித்து வாயில் போட வேண்டாம்.

பூ முந்தினால் இந்த வருமானமும் தடுமாறுகிறது. எல்லா மரமும் ஒன்றாகப் பூத்தால் பத்து நாளில் பறித்துச் சாறு எடுத்துவிடலாம். ஜனவரியில் கொஞ்சம், பிப்ரவரியில் கொஞ்சம், நடுவில் பனியில் கருகியது கொஞ்சம் என்றால் ஒவ்வொரு கூடைக்கும் தனித்தனியாக மலை ஏற வேண்டும்.

மார்ச் கடைசியில் குடும்பத்தோடு உத்தராகண்ட் போகிறோம். அதற்குள் பூ முடிந்துவிடுமா?
— வாசகர், காரைக்குடி

கவலை வேண்டாம், பூ உயரம் பார்த்துப் பூக்கும். கீழ்ச்சரிவுகளில் ஓய்ந்திருந்தால் மேலே போங்கள். நைனிடால் பக்கம் தரையில் இதழ் கொட்டிக் கிடந்தாலும், அல்மோராவுக்கு மேலே 2,400 மீட்டரைத் தொடும் பின்சர் சரணாலயத்தில் மரங்கள் சிவப்பாக நிற்க வாய்ப்பு உண்டு. அங்கும் இல்லையென்றால் கார்வாலில் சோப்தா. ரிஷிகேஷிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பயணம், உயரம் ஏறக்குறைய 2,700 மீட்டர். ஏப்ரலில்கூடப் பார்க்கலாம். அங்கிருந்து துங்கநாத் கோயில் பாதையில் இன்னும் ஏறினால் வெளிர் ஊதா நிறத்தில் வேறொரு ரோடோடென்ட்ரான் வரும், குட்டையான புதர்; அது இன்னும் பிந்தித்தான் பூக்கும். சோப்தாவில் மார்ச் கடைசியிலும் இரவில் நடுக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளி எடுத்துப் போங்கள். சரணாலயத்துக்குள் கிளை ஒடிக்கக் கூடாது, கீழே விழுந்த பூவைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஐந்து தேன் பைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட மறந்துவிடாதீர்கள்.